ஆறாவது நாற்காலி

மலாயாவின் ரெட்டைப்பாலத் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் பிறக்கும்போதே சந்தேகக்காரராகப் பிறந்தவர் அல்ல. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் ஊரில் எல்லோரும் படுகிற அளவுக்குத்தான் அவரும் சந்தேகப்பட்டார். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, காய்ச்சல் என்று லீவு கேட்பவனுக்கு உடம்பு சுடுகிறதா, அவ்வளவுதான். ஜப்பான்காரன் வந்து ஆபீஸ் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த மறுநாள், மணி ஏழரை ஆகியும் வெளியே கும்மிருட்டாக இருந்தது. சூரியனே நேரத்துக்கு வராத நாட்டில் மனிதர்களை எப்படி நம்புவது என்று அன்றைக்கு நினைக்க ஆரம்பித்தவர், பிறகு நிறுத்தவேயில்லை.

அடுத்த வருஷம் அந்தச் சந்தேகமெல்லாம் ஒன்றாகத் திரண்டு தங்கராஜு என்ற ஒரே ஆளின் மேல் இறங்கியது. தங்கராஜு செய்த குற்றம், நாற்காலிக்குப் பிரம்பு பின்னத் தெரியும் என்று சொன்னது.

சங்கதி இதுதான். துரை தப்பித்து ஓடும்போது நாயைக் கொண்டுபோனார், கிராமபோனைக் கொண்டுபோனார், பங்களாவின் சாப்பாட்டு அறையில் இருந்த ஆறு தேக்கு நாற்காலிகளை விட்டுவிட்டுப் போனார். முதலில் வந்த ஜப்பான் சிப்பாய்கள் கூரை விளக்கைக் கழற்றுவதற்காக அந்த நாற்காலிகளின் மேல் பூட்ஸ் காலோடு ஏறினார்கள். ஒன்றில் ஏறி, அது கிழிந்து கால் உள்ளே போனதும் அடுத்ததில் ஏறினார்கள். இப்படி ஆறும் தீர்ந்தது. விளக்கு மட்டும் இன்னும் கூரையில்தான் தொங்கியது.

சிரம்பானிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்துபோகும் ஹிரனோ மாஸ்டர்தான் இப்போது தோட்டத்துக்குப் பெரியவர். அவர் வந்து ஓட்டை விழுந்த ஆறு நாற்காலிகளையும் வரிசையாகப் பார்த்தார். பதினாறு நாள் கழித்து ஒரு கர்னல் இங்கே மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார், அன்றைக்கு ஆறிலும் ஆள் உட்காரும்படி இருக்க வேண்டும் என்றார். கூட வந்து மொழிபெயர்த்தவர் பக்கத்து ஊரான ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்துல் மஜீத். மூன்று மாத வகுப்பில் ஜப்பான் பாஷை படித்து, அதற்காக ஒரு சிவப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தவர். மாஸ்டர் சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். நாற்காலி தயாராகாவிட்டால் சயாம் பட்டியலில் இருபத்துமூன்றாவது பெயரைக் கிராணி தன் கையாலேயே எழுதிக்கொள்ளலாமாம். எழுத்துப் பிழை வராதாம்.

சயாம் பட்டியல் கிராணியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கேட்டு, இருபத்திரண்டு பெயரை அவரை வைத்தே எழுத வைத்திருந்தார்கள். கர்னல் வந்துபோன மறுநாள் லாரி வரும். அதுவரை பட்டியல் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் இருபத்திரண்டு பேரும் காட்டுக்குள் போய்விடுவார்கள். முந்தின தடவை போன முப்பத்தொரு பேரிடமிருந்து இன்றுவரை ஒரு கடிதம் வரவில்லை. தபால் சரியில்லை என்று கிராணி எல்லோரிடமும் சொல்லிவந்தார். அதை நம்பாதவர்களில் அவரும் ஒருவர்.

"என் கடை நாற்காலிய உங்க தோட்டத்து ஆளுதான் பின்னுனான், கிராணியார்" என்றார் மஜீத். "மரவள்ளி நோண்டிக்கிட்டு இருக்கான் பாருங்க, தங்கராஜு, அவன்தான். மூணு வருசமாச்சு, குண்டு குண்டா ஆளுங்க உக்காந்து பரோட்டா தின்னுட்டுப் போனாங்க. இன்னும் தொங்கல."

பட்டியலில் ஒன்பதாவது பெயர் தங்கராஜுவுடையது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், தோட்டத்துக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆனவன், லாரி கிளம்பும்போது அழ ஆளில்லாதவன் என்று பார்த்துப் பார்த்து எழுதிய பெயர் அது.

அமிர்தலிங்கம் அவனை ஆபீஸுக்கு வரவழைத்து, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"ஜெயில்லங்க, ஐயா."

எதற்காக ஜெயில் என்று கேட்டார்.

"ஒன்றரை வருசங்க" என்றான் தங்கராஜு.

எதற்காக என்ற கேள்விக்கு எவ்வளவு என்று பதில் சொல்கிறவன் சாதாரண ஆள் இல்லை என்று அமிர்தலிங்கம் மனத்தில் குறித்துக்கொண்டார். ஒல்லியான நாற்பது வயது ஆள். முகத்தில் எப்போதும் எதுவும் இருக்காது. துக்க வீட்டில் உட்கார்ந்தாலும் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் அதே முகம்தான். ஒன்பதாவது பெயர் அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தார். சுவரில் தேடியிருந்தாலாவது பல்லி கிடைத்திருக்கும்.

தோட்டத்து ஸ்டோரில் துரை காலத்துப் பிரம்புக் கட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே உட்கார் என்றார் கிராணி. தங்கராஜு ஒரு பிரம்பை உருவி அதன் நுனியைச் சிமென்டுத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளிருந்து மஞ்சள் மாவு கொட்டியது. வண்டு தின்றுவிட்டது என்றான். இன்னொன்றை எடுத்துக் கட்டைவிரலைச் சுற்றி வளைத்தான். தோல் பொட்டுப் பொட்டென்று வெடித்துச் செதிலாக உரிந்தது. இது கிழவி என்றான். மூன்றாவதன் கணுவை விரலால் தடவிவிட்டு, கணு புடைத்திருக்கிறது, கிழித்தால் அந்த இடத்தில் நார் அறுந்துவிடும் என்றான். நூறு பிரம்பு இருந்த கட்டில் ஒன்றுகூட அவன் கண்ணுக்கு ஆகவில்லை.

"சேகாப் பிரம்பு வேணும் ஐயா. மலாய்க்காரங்க ரோத்தான் சேகாம்பாங்க. காட்டுல போயி நானே பாத்து எடுக்கணும்."

காடு. அமிர்தலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த நாளில் காட்டுக்குள் ஜப்பான்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு உதவினான் என்று பெயர் வந்தவன் சிரம்பானுக்குப் போய்த் திரும்பியதில்லை என்பதும் தெரியும். அவனுக்குக் காட்டுக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்த கிராணியின் கதி என்ன என்பதற்கு மட்டும் இதுவரை உதாரணம் கிடைக்கவில்லை. முதல் உதாரணமாக இருக்க அவருக்கு ஆசையில்லை. ஆனாலும் இருபத்துமூன்றாவது பெயரை நினைத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தங்கராஜு காலையில் போய் மறுநாள் மாலை திரும்பினான். தோளில் இருந்த கட்டைக் கிணற்றடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, இளசு, காய்ந்தால் சுருங்கும் என்று பாதியைத் தூக்கி எறிந்தான். மீதி இரண்டு நாற்காலிக்குத்தான் வரும், மறுபடி போக வேண்டும் என்றான். மறுபடி போனான். அதிலும் கால்வாசி தேறவில்லை. மூன்றாவது தடவை போக வேண்டும் என்றபோது அமிர்தலிங்கத்துக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஆறு நாற்காலியில் ஆறு பேர் உட்காருவதற்கு ஒரு மனிதன் மூன்று தடவை காட்டுக்குப் போவானா? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூடத் தாம் ஒரு தடவைதான் போனதாக வீட்டில் வந்து புலம்பினார்.

"அதான் எனக்குத் தெரியுதே" என்றாள் அவர் மனைவி வள்ளிநாயகி. "இன்னொரு தடவ வந்து நல்லாப் பாத்திருந்தா, நானும் உங்கள நல்லாப் பாத்திருப்பேன்."

அதற்கிடையில் கந்தகம் வந்து சேர்ந்தது. மரத்தில் இலைப்பூஞ்சைக்குத் தூவ என்று துரை காலத்தில் வாங்கி வைத்த கந்தகம் ஸ்டோரில் அரை மூட்டை மிச்சம் இருந்தது. அதில் இரண்டு சிரட்டை வேண்டும் என்றான் தங்கராஜு. பிரம்பைப் பெட்டியில் அடுக்கி மூடிக் கந்தகப் புகை போட்டால் நிறம் வெளுத்துப் பொன்னாக வரும், பூச்சியும் அண்டாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அமிர்தலிங்கத்துக்கு நியாயமாகக் கேட்கிறவர்கள் மேல்தான் பயம் அதிகம். கந்தகத்தில் வெடிமருந்து செய்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். அவர் படித்ததில் ஞாபகம் இருந்த இரண்டு மூன்று விஷயங்களில் அதுவும் ஒன்று. ஸ்டோர் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் யோசித்தார். அந்த இரண்டு நாளும் பிரம்பு பெட்டியில் சும்மா கிடந்தது. பிறகு கொடுத்தார். ஆனால் புகை போட்டு முடியும்வரை பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு சிரட்டையும் எரிந்து தீர்ந்ததைக் கண்ணால் பார்த்தார். மூன்று நாள் இருமினார்.

ஜெயில், காடு, கந்தகம். இன்னும் ஒன்று சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும் என்று இருந்தது. அந்த ஒன்றை அவரே தேடிப் போனார்.

மூன்றாவது தடவை தங்கராஜு புறப்பட்டபோது, கால் மைல் இடைவெளி விட்டு அமிர்தலிங்கமும் புறப்பட்டார். தோட்டத்தின் கடைசி ரப்பர் வரிசை முடிந்து, சதுப்பைத் தாண்டி, மேடேறும் இடத்தில் காடு தொடங்குகிறது. ஒரு மரத்தின் பின்னால் நின்று பார்த்தார். தங்கராஜு கொடியிலிருந்து ஒரு முழம் பிரம்பை நறுக்கினான். ஒரு நுனியை ஓடைத் தண்ணீரில் வைத்தான். மறுநுனியை வாயில் வைத்து ஊதினான். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் காட்டு மக்கள் இருவர் எங்கிருந்தோ வந்து நின்றார்கள். தங்கராஜு இடுப்பிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர்கள் அதைப் பிரித்து, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

ஊதினான், வந்தார்கள், கொடுத்தான். அமிர்தலிங்கம் வீடு திரும்பும்வரை இந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்தபோது காலில் பதினோரு அட்டைகள் இருந்தன. வள்ளிநாயகி சுண்ணாம்பு தடவி ஒவ்வொன்றாக உதிர்க்க உதிர்க்க, விஷயத்தை மெல்லிய குரலில் சொன்னார்.

"நாக்குல வச்சுப் பாத்தாங்களா?" என்றாள் அவள்.

"ஆமா."

"அப்ப உப்பாத்தான் இருக்கும். போன வாரம் நம்மகிட்டதான் கேட்டு வாங்குனான். பிரம்பு வெட்டித் தர்றவங்களுக்குக் கூலி."

"ஊதுனது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான மரத்துக்குப் பின்னால நின்னீங்க, கேக்குறதுதான?"

உப்பு என்று தெரிந்ததால் அவருக்கு நிம்மதி வரவில்லை. உப்பே கிடைக்காத காலத்தில் உப்பைத் தானம் செய்கிறவன் இன்னும் ஆபத்தானவன். சிரம்பானுக்குத் தகவல் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். சொன்னால் தங்கராஜுவைக் கொண்டுபோய்விடுவார்கள், நாற்காலி நிற்கும், அவர் சயாம் போவார். சொல்லாமல் விட்டு, அவன் நிஜமாகவே காட்டு ஆளாக இருந்தால், அவர் சயாம்கூடப் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது: பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது. அவருக்கு வரும் வேலை அது ஒன்றுதான்.

ஆக, பங்களாவின் பின்பக்கக் கொட்டகையில் பிரம்பு நாற்காலி பின்னப்படுவதை, அமிர்தலிங்கத்தைப் போல ஒரு கண்ணும் சிமிட்டாமல் முழுசாகப் பார்த்த மனிதர் மலாயாவிலேயே இருந்திருக்க மாட்டார். பிரம்பை மூங்கிலில் சுற்றி இழுத்து, கண்ணாடி போன்ற மேல் செதிலை உதிர்ப்பதைப் பார்த்தார். நான்காகப் பிளந்து, உள் சோற்றைச் சீவி எறிந்துவிட்டுத் தோல் நாரை மட்டும் எடுப்பதைப் பார்த்தார். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் குத்தி நிறுத்திய இரண்டு கத்திகளுக்கு நடுவே நாரை இழுத்து, எல்லாவற்றையும் ஒரே அகலமாக்குவதைப் பார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும், கூடினால் கறுத்துவிடும். நாற்காலிச் சட்டத்தில் சுற்றிவர ஓட்டைகள். நாரை ஓட்டையில் விட்டு, பளபளப்பு மேலே பார்க்கும்படி இழுத்து, நழுவாமல் ஒரு சின்ன மரமுளையை அடித்து நிறுத்துவான். முன்னும் பின்னும் ஒரு தடவை, இடம் வலம் ஒரு தடவை, மறுபடி முன்னும் பின்னும், மறுபடி இடம் வலம். பிறகு மூலைக்கு மூலை ஒன்று, எதிர்மூலைக்கு ஒன்று. கடைசியில் ஓட்டைகளை மறைத்து ஓரப்பட்டை. பின்னும்போது வாய்க்குள் ஏதோ எண்ணுவான். என்ன எண்ணுகிறாய் என்று ஒரு தடவை கேட்டார்.

"ஓட்டைங்க, ஐயா."

காட்டில் ஏன் ஊதினாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால், பின்னால் வந்தது தெரிந்துவிடும்.

கர்னல் வரும் நாளன்று காலையில் ஐந்து நாற்காலி காய்ந்து, தட்டினால் மேளம் போல் டங்கென்று சொன்னது. கந்தகத்துக்கு யோசித்த இரண்டு நாளால் ஆறாவது நாற்காலி அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் முடிந்தது. இன்னும் ஈரம் சொட்டியது. தங்கராஜு ஆறையும் சாப்பாட்டு அறையில் மேசையைச் சுற்றிப் போட்டு, ஈரமானதை ஜன்னலோரமாக வைத்தான்.

"இதுல நாளைக்குவரைக்கும் யாரும் உக்காரக் கூடாது ஐயா. வர்றது அஞ்சு பேருதானாம், மஜீத் பாய் சொன்னாரு. இது சும்மா கணக்குக்கு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

அறையில் அமிர்தலிங்கமும் ஆறு நாற்காலிகளும் மட்டும் இருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் ஏறியது. அவர் மேசை விரிப்பை நேராக்கினார். அப்போதுதான் கேட்டது.

டிக்.

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. கூரை விளக்கைப் பார்த்தார். விளக்குக்கு மின்சாரம் நின்று ஒன்றரை வருஷமாகிறது.

டிக். டிக்.

ஆறாவது நாற்காலியிலிருந்து வந்தது. அமிர்தலிங்கம் விரலை மடக்கி எண்ணினார். ஜெயில், காடு, கந்தகம், ஊதியது. நாளைக்குவரை யாரும் உட்காரக் கூடாது என்றது. உடனே குளிக்கப் போனது. இரண்டு சிரட்டையும் எரிந்ததைப் பார்த்தோமே என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். மூன்றாவது சிரட்டையை யார் பார்த்தது? குனிந்து நாற்காலியின் அடியில் பார்த்தார். நூற்றுக்கணக்கான எட்டுமூலை ஓட்டைகள் வழியாக ஜன்னலும் வெயிலும் மாமரமும் தெரிந்தன. மேலிருந்து பார்த்தால் தரை தெரியும், கீழிருந்து பார்த்தால் கூரை தெரியும் ஒரு பொருளுக்குள் குண்டு வைக்க முடியாது என்பது அவருக்கும் புரிந்தது. ஆனால் கால்கள் இருந்தன. தேக்குக் கால்கள். உள்ளே குடைந்திருக்கலாம்.

டிக்.

ஓடலாம். ஓடினால் கர்னல் சாவார். பிறகு தோட்டத்தில் தொழிலாளர் லயம் ஒன்றுகூட மிஞ்சாது. கத்தலாம். கத்தினால் கேட்கப்போகிறவர் ஹிரனோ மாஸ்டர். அமிர்தலிங்கம் கையைப் பின்னலின் மேல் வைத்து மெல்ல அமுக்கினார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து, டிக். மறுபடி அமுக்கினார். நின்றது.

கை எவ்வளவு நேரம் தாங்கும்? அவருடைய உடம்பில் கையைவிடக் கனமான பகுதி ஒன்று இருந்தது. கண்ணை மூடி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, அமிர்தலிங்கம் ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் அடியோடு நின்றது. எழுந்தால் வெடிக்கும் என்பதில் இப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றரை வருஷத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தார். தலை துவட்டிக்கொண்டு வந்த தங்கராஜு வாசலில் நின்றான்.

"ஐயா. எந்திரிங்க."

"மாட்டேன். நீ வெளிய போ. எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் தூரமாப் போ."

"ஐயா, அது ஈரம்."

"கால்ல என்னா வச்ச? உண்மையச் சொல்லு. டிக் டிக்குனு கேட்டுச்சு. நான் உக்காந்ததுக்கு அப்புறம்தான் நின்னுச்சு."

தங்கராஜுவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ வந்தது. அது சிரிப்பு அல்ல. பல்வலிக்காரன் முகம் மாதிரி இருந்தது.

"பிரம்பு காயிறப்ப இறுகும். இறுகுறப்ப முளைய இழுக்கும். அதான் சத்தம். ஜெயில்ல நாப்பது நாற்காலி ஒரே கொட்டாயில காயும், தவளக் குளம் மாதிரி இருக்கும். நீங்க மேல உக்காந்தா எப்படி இறுகும்? தொங்கிரும்லா."

அமிர்தலிங்கம் மிக மெதுவாக எழுந்தார். எதுவும் வெடிக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில், அவருடைய அளவுக்கு, அவருடைய வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வெளியே கார் வந்து நின்றது.

ஐந்து பேர் என்று மஜீத் சொன்னது தப்பு. ஆறு பேர் வந்தார்கள்.

ஹிரனோ மாஸ்டர் ஒவ்வொரு நாற்காலியையும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். ஐந்து தடவை டங் என்றது. ஆறாவதில் தொப்பென்றது. அவர் நிமிர்ந்து கிராணியைப் பார்த்தார். கிராணி தமது கால்சட்டையின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அங்கே சின்னச் சின்ன எட்டுமூலைகளாக ஈரம் அச்சாகியிருந்தது. இருபத்துமூன்றாவது பெயரை எழுத எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யோசித்தார். அமிர்தலிங்கம் என்பது நீளமான பெயர்.

அதற்குள் கர்னல், காற்று வரும் இடம் என்று ஜன்னலோரம் போய், ஆறாவதில் உட்கார்ந்துவிட்டார். தாட்டியான ஆள், லாரியிலும் காரிலும் மாதக்கணக்காகக் குலுங்கி வந்த உடம்பு. உட்கார்ந்ததும் பள்ளத்துக்குள் இறங்கினார். கர்னல் இடப்பக்கம் அசைந்து பார்த்தார், வலப்பக்கம் அசைந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். சாப்பாடு முடிந்து மற்ற ஐந்து பேரும் முதுகை நெளித்துக்கொண்டு எழுந்தபோதும் அவர் எழவில்லை. இதே மாதிரி பன்னிரண்டு நாற்காலி சிரம்பானுக்கு வேண்டும், மூன்று மாதத்தில், என்றார். யார் செய்தது என்று கேட்டார். மஜீத் மொழிபெயர்த்தார்.

"பின்னுனது நான்" என்றான் தங்கராஜு. "இந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தது கிராணி ஐயா."

எத்தனை ஆள் வேண்டும் என்று ஹிரனோ மாஸ்டர் சிறு நோட்டைப் பிரித்தார். நாலு பேர் போதும் என்று தங்கராஜு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அமிர்தலிங்கத்தின் வாய் திறந்தது. அது ஏன் திறந்தது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"இருபத்திரண்டு."

மஜீத் பாய் மொழிபெயர்க்காமல் அவரைப் பார்த்தார். "கிராணியார், அவன் நாலுங்கிறான், நீங்க இருபத்திரண்டுங்கிறீங்க. நான் எதச் சொல்ல?"

"நான் சொல்றதச் சொல்லுங்க. என்னச் சேக்காம இருபத்திரண்டு."

எதற்கு என்று கேட்டார் மாஸ்டர். அமிர்தலிங்கம் சொல்ல ஆரம்பித்தார். காட்டில் பிரம்பை ஊதிக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க இருவர், வெட்ட இருவர், சுமக்க மூவர். செதில் உதிர்க்க, கழுவ, கந்தகப் புகை போட, காயவைக்க. பிளக்க, சோறு சீவ, அகலம் பார்த்து இழுக்க. இத்தனை நாள் கண் சிமிட்டாமல் பார்த்ததெல்லாம் மடமடவென்று வந்தது. பதினாறு ஆள்வரை நியாயமாக வந்தது. அதற்கு மேல் முளை செதுக்க இருவர், முளை எண்ண ஒருவர், தண்ணீர் சுடவைக்க ஒருவர், அது சுட்டதா என்று பார்க்க ஒருவர் என்று போய், பின்னுகிற தங்கராஜுவோடு இருபத்திரண்டில் நின்றது.

ஹிரனோ மாஸ்டர் தங்கராஜுவைப் பார்த்து, இதெல்லாம் நிஜமா என்று கேட்டார். தங்கராஜு கிராணியைப் பார்த்தான். தம் வாழ்க்கையில் அத்தனை சந்தேகத்தோடு ஒருவர் தம்மைப் பார்ப்பதை அமிர்தலிங்கம் அன்றைக்குத்தான் கண்டார்.

"தண்ணி சுட்டதான்னு பாக்க ரெண்டு பேரு இருந்தா நல்லதுங்க" என்றான் தங்கராஜு. "பரவால்ல, ஒருத்தர வச்சுச் சமாளிச்சுக்கிறேன்."

கர்னல் கண்ணைத் திறக்காமலேயே கையை ஆட்டினார். பட்டியலில் இருந்த அதே இருபத்திரண்டு பேரும் நாற்காலி வேலைக்கு என்று மாஸ்டர் நோட்டில் எழுதினார். பழைய பட்டியலை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் லாரி வந்தது. ரெட்டைப்பாலத்தில் நிற்காமல் லிங்கிப் பக்கம் போனது. அங்கேயும் தோட்டங்கள் இருந்தன. அதைப் பற்றி அமிர்தலிங்கம் யாரிடமும் பேசவில்லை; வள்ளிநாயகி கேட்டபோதும் பேசவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை.

இருபத்திரண்டு பேரையும் கொட்டகைக்கு வரச்சொன்னபோது ஒருவரும் சந்தோஷப்படவில்லை. ஏன் இந்த இருபத்திரண்டு பேர் என்று கேட்டார்கள். பட்டியல் என்று ஒன்று இருந்ததை அவர் சொல்ல முடியாது. நிழலில் உட்கார்ந்து முளை எண்ணுவதற்குக் கிராணி ஏன் நம்மைப் பொறுக்கி எடுத்தார், இதில் அவருக்கு என்ன லாபம், கொட்டகையில் கூட்டி வைத்து ஒரே அள்ளாக அள்ளிக் கொடுக்கப் போகிறாரா என்று லயம் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஒருவனுடைய பெண்டாட்டி நான்கு முட்டையோடு வந்து, என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா என்று அழுதாள். அவர் முட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கிராணியே முட்டை வேண்டாம் என்றுவிட்டார் என்றதும் பயம் இன்னும் கூடிவிட்டது.

முதல் நாற்காலி பின்னி முடிந்த அன்று, தங்கராஜு அதைக் கொட்டகைக்கு நடுவில் ஈரத்தோடு கொண்டுவந்து வைத்தான்.

"வாங்க ஐயா. ஒன்றரை மணி நேரம். போன தடவ உக்காந்த மாதிரியே."

அமிர்தலிங்கம் உட்கார்ந்தார். ஈரம் துணியைத் தாண்டி ஏறியது. சீவிக்கொண்டிருந்த கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. இருபத்தொரு பேரும் வேலையை விட்டுவிட்டு, இந்த மனிதன் இப்போது என்ன செய்கிறான், ஏன் செய்கிறான் என்று கண் சிமிட்டாமல் அவரையே பார்த்தார்கள்.

"அசையாதீங்க" என்றான் தங்கராஜு.